விரிசலும் நிகழ்காலமும்

தகரக் கூரையில் மழை விழும்போது ஆங்கிலம் படிப்பதென்றால் கத்தித்தான் படிக்க வேண்டும். 'ஹீ கோஸ்' என்று அக்கா சொன்னால் கடைசியில் வரும் 'ஸ்' மழையோடு போய்விடும். மறுபடி சொல் என்று நான் கேட்பேன், அவள் தொண்டை நரம்பு புடைக்கச் சொல்வாள். தெமோதரை ஸ்டேஷனில் இறங்கித் தேயிலைக்குள் ஏறும் குறுக்குப் பாதையின் முடிவில் இருந்த எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில், ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அதனால் நாங்கள் கற்ற இலக்கணம் முழுவதும் பக்கத்து வீட்டு ராசம்மா அத்தையின் காதிலும் விழுந்துகொண்டிருந்தது.

விஜி அக்கா சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தில் தவறியிருந்தாள். மார்கழியில் திரும்ப எழுதித் தேறினால் பண்டாரவளையில் ஏதாவது ஒரு கடையிலோ மருந்தகத்திலோ வேலைக்குப் போகலாம், இல்லையென்றால் தோட்டத்தில் 'பேர் பதிந்து' அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று வீட்டில் பேச்சாகியிருந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. யாரோ படித்துவிட்டுக் கொடுத்த அட்டை போன இலக்கணப் புத்தகம் ஒன்றும், கேட்டுத் திருப்பிச் சொல்ல ஆறாம் வகுப்பிலிருந்த நானும்தான் அவளுக்கு இருந்தோம்.

புத்தகத்தில் இருந்ததை அவள் அப்படியே படிக்கமாட்டாள். எங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வாள். ஒருவரைப் பற்றிப் பேசும்போது வினையின் பின்னால் வரும் எழுத்துக்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தாள். எனக்கும் உனக்கும் வால் கிடையாது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆட்டுக்கும் உண்டு. தமிழில் நாம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வினையைக் கடைசியில் கொண்டுவந்து வைக்கிறோம், ஆங்கிலத்தில் ஆளைச் சொன்ன உடனேயே வேலையையும் சொல்லிவிட வேண்டும் என்பாள். எனக்கு அதிகம் தடுமாறியது நிகழ்காலம். 'கோஸ்' என்பதற்கும் 'இஸ் கோயிங்' என்பதற்கும் தமிழில் போகிறாள் என்று ஒரே சொல் போதுமென்று நான் அடம்பிடித்தேன். அக்கா என்னை 'இஸ்தோப்பு' என்று நாங்கள் சொல்லும் முன்வாசலுக்கு இழுத்துவந்து, கூடையோடு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்த அம்மாவைக் காட்டினாள்.

"அம்மா கொழுந்து எடுக்குது. அது வழக்கம், நாம பாக்காட்டியும் நடக்கும். இப்ப அம்மா நடந்து வருது பாரு, அது கண்ணு முன்னால நடக்குறது. அதுக்குத்தான் 'இஸ்'ஸும் 'இங்'கும்."

அதற்குப் பிறகு நான் அதில் தவறவில்லை. தண்ணீர் கொதிக்கும்போது, ரயில் கூவும்போது, அப்பா இருமும்போதெல்லாம் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு 'இஸ்'ஸும் 'இங்'கும் சொன்னோம். அம்மா சிரித்துக்கொண்டே, "மொதல்ல சோத்தத் தின்னுங்கடி, அப்புறம் ஈட்டிங் சொல்லலாம்" என்பார்.

அது மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதற்கு அடுத்த மழைக்காலம். ஊவா மாகாணத்தில் எந்தத் தோட்டத்திலும் அந்த வருடம் மழையை மழையாக மட்டும் யாராலும் பார்க்க முடியவில்லை. எங்கள் அடுப்படித் தரையில் ஒரு கோடு விழுந்தது. அப்பா தோட்டத்து ஆபீசில் சொன்னார், சிமெந்து கொடுத்தார்கள், பூசினார். சில நாட்களில் சிமெந்தும் பிளந்தது. முதலில் என் சுண்டுவிரல்கூட உள்ளே போகவில்லை. அம்மா அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி, அதைத் தாண்டிக் கால் வைக்கும்படி எங்களைப் பழக்கினார். ராசம்மா அத்தை வீட்டுக்குள்ளும் அதே கோடு சுவருக்கு அடியால் போயிருந்தது. அவர் அதன் மேல் அரிசிப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை மலைகளைப் பார்வையிடும், சிங்களம் பேசும் அதிகாரிகள் வந்தார்கள். அவர்களோடு வெளிநாட்டுப் பெண் நிபுணர் ஒருவரும் வந்திருந்தார். அப்பாவின் சிங்களம் கடைக்குப் போய்வரப் போதுமானது, அதற்கு மேல் வராது. யாழ்ப்பாணத்துக்காரரான தோட்டத்து ஆபீஸ் 'கிளாக்கர்' ஐயாதான் அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று காலையிலிருந்து லயம் லயமாக அலைந்து களைத்திருந்தார். எங்கள் அடுப்படியில் நின்றபோது வெளியிலிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்பா கைகட்டி நின்று சொன்னார்: "முன்ன வெடிச்சிருந்துச்சுங்க. சிமெந்து பூசினோம். திரும்பவும் வெடிச்சுக்கிட்டே இருக்குதுங்க."

கிளாக்கர் ஐயா வாசலைப் பார்த்தபடி அதைச் சுருக்கினார். முன்பு ஒரு விரிசல் இருந்தது, சிமெந்து பூசிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுத் திரும்பினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் பேசும்போது, அதுவும் 'ஆபீஸ்' ஆட்களோடு பேசும்போது, பெண்பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அவள் திறந்தாள்.

"நோ மேடம். நாட் வாஸ். இட் இஸ் கிராக்கிங். எவ்ரி டே இட் இஸ் குரோயிங்."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். அப்பா, "விஜி, சும்மா இரு" என்றார். கிளாக்கர் ஐயா மட்டும் திரும்பி வந்து, "இல்லை, பிள்ளை சரியாத்தான் சொல்லுது. நான்தான் அரைகுறையாச் சொல்லிப்போட்டன். சொல்லு பிள்ளை" என்றார்.

உனக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். அக்காவின் உதடுகள் அசைந்தன. எந்தக் காலத்தில் சொல்வது, எந்தச் சொல்லை முன்னால் வைப்பது என்று அவள் உள்ளுக்குள் தேடுவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் இலக்கணத்தைக் கைவிட்டுவிட்டாள்.

"பிஃபோர், மை சிஸ்டர் ஃபிங்கர் நோ கோ. நவ், மதர் ஹேண்ட் கோஸ்."

அம்மா ஒன்றும் புரியாமலே, ஆனால் எதைக் காட்ட வேண்டும் என்று மட்டும் புரிந்து, சாக்கை இழுத்துவிட்டுத் தன் கையைப் பிளவுக்குள் விட்டார். மணிக்கட்டு வரை போனது. அந்தப் பெண் ஈரத்தரையில் மண்டியிட்டுத் தன் கையையும் விட்டுப் பார்த்தார். எழுந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. லயத்துக்குப் பின்னால் ஏறிப் பார்த்தார்கள். அங்கே தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிலம் ஒரு படிபோல இறங்கியிருந்தது. பொழுது சாய்வதற்குள் லயத்தையே காலிபண்ணி ஸ்கூலுக்குப் போகும்படி சொல்லிவிட்டார்கள்.

இங்கே கதை முடிந்திருந்தால் அக்காவுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் மலை விழவில்லை. மழை விட்டு வெயில் வந்தது, ஸ்கூல் மண்டபத்தில் சேலைகளைத் தொங்கவிட்டுத் தடுத்த இடங்களில் நாங்கள் அடைந்து கிடந்தோம், ஒரே குழாயில் எல்லோரும் தண்ணீருக்கு நின்றோம். பிறகு மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்தார்கள். லயம் மட்டும் மேலே அப்படியே நின்றது. ராசம்மா அத்தையின் கோழிகள் காணாமல் போயின, அவரது பீன்ஸ் பாத்தி காட்டுப் பன்றிக்கு இரையானது. ஒரு நாள் தண்ணீர் வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒருத்தி இங்கிலீசு பேசிப் பாத்தா. நாம எல்லாரும் நடுத்தெருவுல நிக்கிறோம்."

அம்மா குடத்தைக் கீழே வைத்தார். "ஏன் ராசம்மா, இடிஞ்சிருந்தா நல்லவ, இடியலன்னா எம்புள்ள பொய்க்காரியா?"

அதற்குப் பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அக்காவுக்கும் ஆங்கிலம் நின்றது. புத்தகத்தை மடியில் வைத்து உதட்டை மட்டும் அசைப்பாள். நான் போய் 'வால்' பற்றிக் கேட்டால், "போடி, நீயே படி" என்பாள். மார்கழியில் பரீட்சைக்குப் போகவே மாட்டேனென்றவளை அம்மாதான் தலைவாரிக் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவந்தார். தேறினாள். அந்தச் செய்தியைக்கூட எங்கள் வீட்டில் மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டோம்.

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது ராசம்மா அத்தை பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டார். செத்தாலும் சொந்த வீட்டில் சாகிறேன் என்று கிளம்பியவரை அப்பாவும் இன்னும் சிலரும் வழிமறித்துத் திருப்பினார்கள். அந்த வாரமே, ஒரு முற்பகலில், பெரிய மழைகூட இல்லாத நேரத்தில், லொறி நிறையக் கல்லைக் கொட்டியதுபோல ஒரு சத்தம் கேட்டது. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளோடு ஓடிவந்தார்கள். லயத்தில் பாதியைக் காணோம். எங்கள் வீடும் அத்தை வீடும் இருந்த இடத்தில் சிவப்பு மண் வழிந்து கிடந்தது. எங்கள் கதவு மட்டும் சட்டத்தோடு சாய்ந்து மண்ணில் நின்றது.

ஆளில்லாத வீடுகள். ஒரு உயிருக்கும் சேதமில்லை. எல்லோருமே மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ராசம்மா அத்தை வந்து, ஈரக் கல்லில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அந்த வெள்ளைக்கார அம்மாகிட்ட நீ என்னன்னுதான் புள்ள சொன்ன?"

அக்கா சொன்னாள். அத்தை காது கொடுத்துக் கேட்டார். "இன்னொருக்கா சொல்லு" என்றார். பிறகு தானும் சொல்லிப் பார்த்தார். இட்டு இசு குரோயிங்கு. நாக்கு புரளவில்லை. அக்கா திருத்தவில்லை, கூடவே சேர்ந்து சொன்னாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழத் தொடங்கினார். நானும் அழுதேன்.

இன்று நாங்கள் இருப்பது, பிறகு கட்டிக்கொடுத்த தனித்தனி வீடுகளில். வீட்டைச் சுற்றி வேலி, ரோஜாச்செடி, சொந்தப் பெயரில் ஒரு துண்டு நிலம். ராசம்மா அத்தை இப்படிக் கிடைத்த தன் வீட்டில் சில வருடங்கள் இருந்துவிட்டுக் காலமானார். பழைய லயத்தின் மிச்சத்தையும் பிரித்துத் தகரங்களை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே மானாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது, புதிதாக வருபவர்களுக்கு அங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள் என்று சொன்னால்தான் தெரியும். பிள்ளைகள் காதில் எதையோ செருகிக்கொண்டு போனில் ஆங்கிலம் பழகுகிறார்கள். எது வருகிறது, எது தடுமாறுகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. நான் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களில் ஒருவருக்கும் 'இஸ்தோப்பு' என்ற சொல் தெரியவில்லை.

அக்கா பண்டாரவளையில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள், அங்கேயே கல்யாணம், குடித்தனம். சுற்றுலாப் பயணிகள் வந்தால் முதலாளி அவளைத்தான் கூப்பிடுவார். விடாமல் மழை பெய்யும் நாட்களில் எனக்குப் போன் செய்கிறாள். சுவரெல்லாம் பார்த்தாயா என்று கேட்கிறாள். நான் போனைக் காதில் வைத்தபடியே ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்கிறேன்.

"அடுப்படி?" என்கிறாள்.

அடுப்படித் தரையையும் நான் குனிந்து தடவிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் போனை வைக்கிறாள்.