சொந்தக் காரணங்களுக்காக

பொம்மனஹள்ளியில் நான் மனிதவள அதிகாரியாக இருக்கும் கம்பெனியில், வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். ஜோகுபாளையத்துக்காரி. தமிழ், கன்னடம், உருது என்று மூன்றிலும் வாய் ஓயாமல் பேசுவாள். வந்தவர்களுக்குக் காத்திருந்ததே தெரியாது. உடம்பு கொஞ்சம் பெரிது. புதிதாக வந்த மேலாளரின் கண்ணில் அது மட்டும்தான் பட்டது.

"முன்னாடி உக்கார்ற ஆளா இது? அனுப்பிடுங்க" என்றார்.

எங்கள் கம்பெனியில் யாரையும் நீக்குவதில்லை. அவர்கள் கையாலேயே ராஜினாமா எழுத வைப்போம். சிரித்த முகத்தோடு, தண்ணீர் பாட்டிலை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்து அதைச் செய்வதில் நான் பெரிய கெட்டிக்காரி. அவளையும் என் அறைக்குக் கூப்பிட்டு, மேலாளர் சொன்னதைச் சொன்னேன்.

"குண்டா இருக்கேன்னு அனுப்பலாமா அக்கா? சட்டத்துல அதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டாள்.

"எடைக்குன்னு சட்டம் எதுவும் இல்லம்மா. நீயே எழுதிக் குடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லபடியா வரும்" என்றேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதினாள். 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற இடத்தில் பேனா நின்றது.

"என்ன காரணம்னு கேட்டா என்னக்கா சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

சில மாதம் கழித்து, வேறு வேலையாக ஒரு வக்கீலிடம் போனபோது பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். எடையைப் பேர் சொல்லிக் காக்கிற சட்டம் இல்லை என்பது சரிதான் என்றார். "ஆனா, காரணமில்லாம வேலைய விட்டு எடுத்திருந்தா லேபர் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே, இனி ரொம்ப கஷ்டம்."

பாதி உண்மையைச் சொல்லி, மீதி வழியை அவள் கையெழுத்தைக் கொண்டே அடைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இப்போதும் காலையில் ஆபீஸ் கதவைத் தள்ளினால் அந்த மேசையில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். புதுப் பெண் குட்மார்னிங் சொன்ன பிறகுதான் முகம் மாறுகிறது.

போன மாதம் அல்சூர் மார்க்கெட்டில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சுடிதார் தொளதொளவென்று தொங்கியது. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுட்டேன் அக்கா. இருபது கிலோ கொறைஞ்சிட்டேன்" என்று சிரித்தாள். "இப்ப சேத்துப்பாங்களா? நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."