எஸ்கலேட்டர் அடியில் அப்பா

ரயிலே இல்லாத ஊரில் பிறந்தவள் ரயில் நிலையத்துக்குப் படம் போட்டேன் என்றால் போர்ட் பிளேரில் எங்கள் டெய்ரி ஃபார்ம் தெருவில் இன்னும் சிரிப்பார்கள். படிப்புக்காகத் தீவை விட்டு வந்தபோதுதான் ரயிலையே முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு மெயின்லேண்டின் பெருநகரம் ஒன்றில், கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. "உங்க ஊர்ல ட்ரெயினே கிடையாதாமே?" என்று முதல் வாரமே கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து நகரத்துக்காரர்களைவிட நகரத்துக்காரியாக நடந்துகொள்ளப் பழகினேன்.

அந்த நகரத்தின் பெரிய ரயில் நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. பிளாட்பாரங்களுக்குப் போகும் மேம்பாலத்தில் ஏற அங்கே பழைய சாய்வுப்பாதை ஒன்று இருந்தது. நல்ல அகலம், சுவரெல்லாம் வெற்றிலைக் கறை. அதை எடுத்துவிட்டு எஸ்கலேட்டர் வைத்தால் கீழே வரிசையாகக் கடைகள் போடலாம் என்பது எங்கள் சாரின் யோசனை. யார் எதில் ஏறுகிறார்கள் என்று பார்த்து எழுதச் சொல்லி என்னை ஒரு வாரம் அங்கே நிறுத்தினார்.

பார்த்தேன். தலையில் மூட்டை உள்ளவர்கள், இடுப்பில் பிள்ளை உள்ளவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் சாய்வுப்பாதையில்தான் ஏறினார்கள். இருந்தும், 'எஸ்கலேட்டர் வந்தால் பயணிகள் விரைவில் பழகிக்கொள்வார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி எழுதச் சொல்லி சார் கேட்கவில்லை. அவருக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். படத்திலிருந்து சாய்வுப்பாதையை அழித்ததும் நான்தான்.

அப்பா பாராடாங் தீவில் அரசுப் படகில் லஷ்கராக இருந்தவர். கயிறு கட்டுவதும் அவிழ்ப்பதும், ஆட்களை ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. படகுத்துறை ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே எப்போதும் ஒரு சந்து இருக்கும். தண்ணீர் அசைந்தால் அது அகலும், குறுகும். அப்பா விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கையை நீட்டுவார். "ஹாத் தோ அம்மா, ஆராம்சே, ஆராம்சே." பெங்காலியோ, தெலுங்கோ, நம் ஆட்களோ, கையைக் கொடு, மெதுவாக என்று எல்லோருக்கும் அதே இந்திதான். கடைசி ஆள் ஏறாமல் கயிற்றை அவிழ்க்க மாட்டார். பள்ளி விடுமுறையில் அதைப் பார்த்துக்கொண்டு ஜெட்டியில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

புது நிலையம் திறந்த சில வாரங்களில் அப்பா கப்பலில் வந்தார். பூர்வீக ஊரில் இருக்கும் அத்தையைப் பார்க்க ரயிலேற வேண்டும். அன்றைக்கே சாரும் ரயில்வே அதிகாரிகளும் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். நானும் கூடப் போக வேண்டும். அப்பாவைக் கீழ்க்கூடத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, "எங்கயும் போயிடாதீங்கப்பா, அரை மணியில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சாரோடும் அதிகாரிகளோடும் திரும்பி வந்தபோது எஸ்கலேட்டர் அடியில் கூட்டம். பழகிக்கொள்வார்கள் என்று நான் எழுதிய பயணிகள், ஒரு காலைத் தூக்குவதும் பின்வாங்குவதுமாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அப்பா, பக்கச்சுவரில் இடுப்பைச் சாய்த்து, காலை ஊன்றி, கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கையக் குடும்மா. ஆராம்சே. மஞ்சக் கோட்ட மிதிக்காத. ம்... இப்ப வையி!"

ஒரு பெண் பிள்ளையோடு ஏறிவிட்டாள். அடுத்து ஒரு கிழவர். வரிசை நகர ஆரம்பித்தது. அதற்குள் காவலாளி ஓடிவந்தார். "யோவ் பெரியவரே, யார் உன்னை இங்க நிக்கச் சொன்னது? கைய நீட்டிக் காசு வாங்கறியா?"

சார் சிரித்தார். "யாரும்மா இவரு, சம்பளமில்லாம டூட்டி பாக்கறாரு?" அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். அதை சாரும் கவனித்துவிட்டார். "உனக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல சார். யாரோ ஒரு பாசஞ்சர்."

சொல்லும்போது என் குரல் நடுங்கக்கூட இல்லை. அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. அப்பா கையை மடக்கிக்கொண்டார். பெஞ்சுக்குப் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாரெல்லாம் கிளம்பிய பிறகு அப்பாவை லிஃப்டில் அழைத்துப் போனேன். அது கோடியில் இருக்கிறது, அதற்கும் நீள வரிசை. காவலாளிக்கு மரியாதை தெரியவில்லை என்று நானே திட்டினேன். சாப்பிட்டீங்களா, தண்ணி வாங்கட்டுமா என்று ஓயாமல் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அப்பா வழக்கம்போல் பதில் சொன்னார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் குனிந்து என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்தப் படி இருக்குல்ல, அது அடியில ஒரு ஆளப் போடச் சொல்லு. பொம்பளைங்க ரொம்ப பயப்படுதுங்க. எவளாவது விழுந்து வச்சா உனக்குத்தான் கெட்ட பேரு."

"சொல்றேன்பா."

"நான் சொன்னேன்னு சொல்லாத. யாரோ ஒரு பாசஞ்சர் சொன்னாருன்னு சொல்லு."

அவர் முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. எனக்கு எது வசதி என்று பார்த்துச் சொல்லிக் கொடுத்தார். வண்டி நகர்ந்துவிட்டது.

மறுநாள் சாரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார். இப்போது அங்கே சீருடை போட்ட ஒருவர் நின்று ஏறுபவர்களுக்குக் கை கொடுக்கிறார். யார் சொன்ன யோசனை என்று சார் அன்றைக்குக் கேட்கத்தான் செய்தார்.

அப்பா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன்.