ஒரு வருஷத்து ஜாங்கிரி

கஞ்சாவை விடுவதற்காக மாதாமாதம் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் என்று சொல்லிவைத்திருந்தேன். காரணம், பக்கத்து வீட்டு அக்கா. "கஞ்சா அடிக்கிறவன் கொடியில காயிற துணியக்கூட வுடமாட்டான்" என்று அவர் ஒருநாள் யாரையோ சொன்னபோது, மழை வருகிறதே என்று அவர் வீட்டுத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

பொய்க்குப் பலன் உடனே கிடைத்தது. எந்த வீட்டு விசேஷத்திலும் எனக்கு மட்டும் சர்க்கரை போடாத காபி. என் நடிப்பு அவ்வளவு பிரமாதம்.

கஞ்சாவைத் தொடாமல் ஒரு வருஷம் முடிந்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கால் கிலோ ஜாங்கிரி வாங்கிவந்து, வாசற்படியில் உட்கார்ந்து எனக்கு நானே ஊட்டிக்கொண்டேன். இரண்டாவது ஜாங்கிரியில் அக்கா பார்த்துவிட்டார்.

"சுகர வச்சிகினு ஜாங்கிரி துண்றீங்களே தம்பி! மனுசனுக்கு ஒரு கட்டுப்பாடு வாணாமா?"

ஒரு வருஷக் கட்டுப்பாடு தொண்டைவரை வந்தது. அவர் பின்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"தப்புதாங்கக்கா" என்று மீதி ஜாங்கிரியை அவரிடமே கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டேன்.