கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்கள்

கல்யாணமான புதிதில் என் கணவர் எனக்குக் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். கடலைக் காட்டுகிறேன் என்றார். நகை, பட்டு என்று எதையாவது சொல்லி மாட்டிக்கொள்ளாத புத்திசாலி. நான் பாளையம்பட்டியில் பிறந்து, எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் பக்கம் மொத்தமாகத் தண்ணீர் பார்க்க வேண்டுமென்றால் கண்மாய் நிறைய வேண்டும். அது நிறைந்து நான் பார்த்தது ஒரே தடவை.

மூன்று வருடம் கழித்து, எழுபதுகளின் தொடக்கத்தில், நாகர்கோவிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. ஆவணிக் கடைசி. மாமனார், மாமியார், நாங்கள் இருவர் என்று நான்கு பேர் போனோம். மறுநாள் காலையில் என் கணவர் இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டித் தன் அப்பாவிடம் கடலைப் பற்றிப் பேச்செடுத்தார். கடலில் என்ன இருக்கிறது என்று கேட்டார் மாமனார்.  நல்லவேளையாக, கல்யாண வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை எங்காவது உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. கடல் பார்க்கச் சம்மதம் கிடைத்தது அந்தச் சோற்றுப் பொட்டலத்தின் தயவில்.

கன்னியாகுமரிக்குப் போனால் மனுசத் தலைதான் தெரியும், வட்டக்கோட்டைக்குப் போங்கள், ஆள் நடமாட்டம் இருக்காது, கடலும் மலையும் சேர்ந்தே தெரியும் என்று கல்யாண வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். கோட்டைச் சுவரைத் தாண்டியதும் கடல். ஒரு மனிதர் இல்லை. கறுப்பு கலந்த மணல், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக நுரை. வடமேற்கே திரும்பினால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்கும் பின்னால் நீலமாக இன்னொன்று.  அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

என் மாமனார் குனிந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளினார். கறுப்பாக இருந்ததால் சந்தேகம் போலிருக்கிறது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார், முகர்ந்தார், கொட்டினார்.

"கரிசல் மாதிரி இருக்கு. ஆனா ஒண்ணும் வெளையாது."

கடலைப் பற்றி அவர் சொன்ன ஆராய்ச்சி முடிவு அவ்வளவுதான். பிறகு துண்டை விரித்து மலையைப் பார்க்க உட்கார்ந்தார். மாமியாரும் அப்படியே உட்கார்ந்தார். என் கணவரும் உட்கார்ந்தார். மூன்று பேரும் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு, மலை உச்சியில் கூடியிருந்த மேகத்தைப் பார்த்தபடி புளிச்சோறு தின்றார்கள். குடிக்கவோ பாய்ச்சவோ ஆகாத தண்ணீரை எங்கள் ஆட்கள் தண்ணீர்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மேகம் அப்படியா? ஊரில் நிலத்தை உழுது போட்டு, பருத்தி விதையைச் சாணிப்பாலில் புரட்டிக் காயவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். கண் வேறெங்கே போகும்?

நான் மட்டும் கடலைப் பார்த்து நின்றேன். கால் நனைக்கப் போகிறேன் என்றேன். முதலில் சாப்பிடு என்றார் மாமியார். சாப்பிட்டேன். இலையை எடு என்றார். எடுத்தேன். சேலை நனைந்தால் பஸ்ஸில் வாடை அடிக்கும், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள் என்றார். செருகிக்கொண்டிருந்தபோதுதான் என் மாமனார் எழுந்து நின்றார். மலைமேல் கறுத்திருந்த மேகத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கிருச்சு. ஊர்லயும் பெய்யும். கெளம்புங்க."

சொந்த ஊரில் தலைக்கு மேல் இடித்தாலும், துளி மூக்கில் விழுந்தால்தான் நம்புகிற மனிதர் அவர். அரை நாள் பஸ் பயணத் தூரத்தில் யார் மலையிலோ பெய்கிற மழையை அப்படியே நம்பிவிட்டார். மாமியார் மூட்டை கட்டிவிட்டார். கடலுக்கும் எனக்கும் நடுவே இருபது அடி மணல்.

எங்கள் வீட்டில் மாமனார் மருமகளிடம் நேரே பேசமாட்டார். மருமகளும் பேசக்கூடாது. மூன்று வருடமாக அவர் என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடமும் மாட்டிடமும்தான் சொல்லிவந்தார். அன்று நான் அவரிடம் நேரே பேசினேன்.

"நீங்க போங்க மாமா. நான் அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோட்டைச் சுவரைப் பார்த்து, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வா என்று மகனுக்கு உத்தரவு போட்டுவிட்டு நடந்தார். பின்னாலேயே மாமியார். நடுவில் என் கணவர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் நாலு எட்டு, இந்தப் பக்கம் நாலு எட்டு. அப்பாவின் பேச்சை அதுவரை ஒரு தடவைகூட அவர் தட்டியதில்லை. எனக்குக் கடல்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. இந்த மனிதர் ஆயுளில் ஒரே ஒரு தடவையாவது என் பக்கம் நிற்பாரா, அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்றிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால்வரை போனேன். அலை வந்து இடுப்பை நனைத்தது. தூக்கிச் செருகியதெல்லாம் வீண்.

வெகுநேரம் கழித்துத் திரும்பினேன். அவர் போகவில்லை, மணலில் உட்கார்ந்திருந்தார். ஆனால் கடலுக்கு முதுகு காட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு. வந்து கால் நனையுங்கள் என்று கூப்பிட்டேன். தலையைத் திருப்பாமலே, ஊரில் மழை பெய்திருக்குமா என்று கேட்டார். எனக்காக இருந்தாரா, எழுந்து போகத் தைரியமில்லாமல் இருந்தாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, நாலு அறை வைக்கவும் தோன்றியது.

பஸ் மாறி மாறி மறுநாள் காலையில் ஊர் வந்து சேர்ந்தோம். மழையா? புழுதி பறந்தது. எங்கள் நிலத்தில்தான் ஊரே கூடியிருந்தது. முதல்நாள் ராத்திரி வந்து இறங்கிய கையோடு என் மாமனார் வீடு வீடாகப் போய், மழையைக் கண்ணால் பார்த்தேன், விடிவதற்குள் இங்கேயும் பெய்துவிடும் என்று சொல்லி நாலு ஏர் ஏற்பாடு செய்திருக்கிறார். நாலு ஜோடி மாடும், விதைப்பெட்டியோடு பெண்களும், துடைத்துவைத்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கே அண்ணாச்சி அந்த மழை என்று ஒருவர் வெகு மரியாதையாகக் கேட்டார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

என் மாமனாருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. பார்த்தால் நானே வரப்பில் வந்து நிற்கிறேன், உப்புக் காய்ந்து விறைத்த சேலையோடு. அவர் பக்கத்திலிருந்த மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

"மழ வரத்தான் செஞ்சுச்சு. வீட்டுக்கு வந்தவ சொல்லச் சொல்லக் கேக்காம உப்புத் தண்ணியில போயி நின்னா. வந்த மழ திரும்பிருச்சு."

சிரிப்பு நின்றது. அத்தனை பேரும் என் சேலையைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடேறியது. மழை பெய்யாத வருடமெல்லாம் இனி இந்தப் பழி என் தலையில்தான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"நானுந்தான்யா நின்னேன். ரெண்டு பேரும் சேந்துதான் நின்னோம்."

அவர் கால் கட்டைவிரல்கூட நனையவில்லை என்பது அந்த வயலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.