அரைமண்டிக்குப் பத்துப் புள்ளி

துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றில் நான் நடன ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, இலங்கைத்துறை என்ற ஊரிலிருந்து மெலிந்த ஆசிரியை ஒருவர் வருவார். நான் பேசும்போதெல்லாம் அவருடைய விரல்கள் மடிக்குள் முத்திரை பிடித்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளின் ஆட்டத்தை மதிப்பிடும்போது, முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டிக்குப் பத்துப் புள்ளி என்று ஒருநாள் விளக்கினேன்.

“சக்கர நாற்காலியில இருந்து ஆடுற பிள்ளைக்கு எத்தனை போடுறது, சேர்?” என்று கேட்டார்.

“புள்ளித்திட்டத்தில அதுக்கு இடமில்லை, டீச்சர்.”

“ஓம் சேர், திட்டத்தில இல்லைத்தான். என்ர வகுப்பில இருக்கிறாளே!”

சிலர் சிரித்தனர். திட்டத்தில் குறையென்று ஒப்புக்கொண்டால் என் மதிப்புக் குறையுமென்று அஞ்சி, அடுத்த பாடத்துக்குப் போனேன்.

மறுமாதப் பயிற்சிக்கு, அந்தப் பத்தையும் கைக்கும் கண்ணுக்கும் தாளத்துக்கும் பகிர்ந்து எழுதிச் சென்றேன். அவர் வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு எத்தனை போட்டாரோ, அறியேன். வந்திருந்தவர்கள் என் புதிய திட்டத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் எழுதிக்கொண்டார்கள்.