பென்சில் டப்பாவில் அந்துருண்டை

மழைக்காலம் முடியும்வரை மீன்பிடிக்கப் போவதில்லை. தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்டும் கோழி இறகுகளை டப்பாவில் அடைத்து, ஓர் அந்துருண்டையைப் போட்டேன். அந்த வாசனை சிலிபின் நகரத்து இந்த வீட்டிலிருந்து, சிறுவயதில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு என்னை இழுத்துப் போனது.

அப்பாவும் தன் தூண்டில் இறகுகளைப் பிஸ்கட் டின்னில் அந்துருண்டையோடு இப்படித்தான் வைப்பார். ஒன்பது வயதில், வாசனைக்கு ஆசைப்பட்டு அந்த உருண்டையை எடுத்து என் பென்சில் டப்பாவில் ஒளித்துவைத்தேன். இறகெல்லாம் பூச்சி அரித்துத் தூளானது.

"எவ டின்ன தொறந்தது?" என்று கத்திய அப்பா, அக்காவைத்தான் பெல்ட்டால் விளாசினார். நான் வாயே திறக்கவில்லை.

இப்போது பக்கத்தில் நின்ற அக்கா மூடியை நீட்டினாள். "இறுக்கி மூடுடி. உன் பென்சில் டப்பா வாசம் எனக்கு அப்பவே தெரியும்லா."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."