அண்ணன் இந்தியன்... தங்கை?

இரண்டு வாரத்துக்கு முன்னால் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன். நான் எங்கும் பறக்கவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ் மதுமிதாவுக்குத் துணைக்குப் போனேன். அவளும் பறக்கவில்லை. அவளோடு நர்ஸிங் படித்த தோழி ஜெர்மனிக்குப் போகிறாள், வழியனுப்ப வேண்டும்.

"நீங்க வாங்க ஆன்ட்டி. அம்மாவ இட்டுகினு போனா அங்கயே உக்காந்து அழுவும்" என்றாள்.

தோழி உள்ளே போகும்வரை மது சிரித்துக்கொண்டே கையாட்டினாள். பிறகு திரும்பி, "அது எனக்கு வந்த சீட்டு ஆன்ட்டி" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டவள் நெய்வேலியில்தான் திறந்தாள்.

மதுவின் அப்பா சேகர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கிறவர். பக்கத்துக் கிராமத்துக்காரர். பல வருஷம் கான்ட்ராக்ட்டில் உழைத்து பெர்மனன்ட் ஆனவர். அம்மா யோகராணி இலங்கை மன்னாரில் பிறந்தவள். நாலு வயதில் பெற்றோரோடு படகில் வந்து இறங்கி, இங்கே ஒரு முகாமில் வளர்ந்தவள். பண்ருட்டி முந்திரிக் கம்பெனியில் அவள் பருப்பு உரித்தாள். அவர் அங்கே லோடு வண்டி ஓட்டினார். காதல். இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பில்லை. ஒரே சாமி, கிட்டத்தட்ட ஒரே பாஷை... யாருக்குத் தோன்றும், இது வேறு நாட்டுப் பெண்ணைக் கட்டுகிற சமாசாரம் என்று?

எனக்கே தோன்றவில்லை. பதினைந்து வருஷமாக எதிர் வீடு. கோபம் வந்தால் மட்டும் அவள் பேச்சில் மன்னார் எட்டிப் பார்க்கும். மற்றபடி டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறோம், அவளும் இருந்தாள்.

சிக்கல் போன வருஷம் வந்தது. மது நர்ஸிங் முடித்தாள். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறி பாண்டிச்சேரி போய் ஜெர்மன் படித்தாள். பரீட்சையில் பாஸ். அங்கே ஓர் ஆஸ்பத்திரி அவளை எடுத்துக்கொண்டது. பாக்கி பாஸ்போர்ட் மட்டும். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அம்மா பிறந்த ஊரைக் கேட்டார். யோகராணி மறைக்காமல் மன்னார் என்றாள். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது.

பத்திரிகையில் எழுதுகிறவளுக்குச் சட்டமும் தெரியும் என்று எங்கள் பிளாக்கில் ஒரு நம்பிக்கை. சேகர் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். படித்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். மதுவின் அம்மா இந்தியக் குடிமகள் அல்ல. ஆகவே மது தன் குடியுரிமையை நிரூபிக்க வேண்டும்.

"இன்னா மேடம் இது? ஆதார் கீது, ரேஷன் கார்டுல பேர் கீது. தாலி கட்டுனா நம்ம ஊரு ஆளாயிட்டான்னுதானே நெனைச்சிகினு இருந்தேன்!"

கடலூரில் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். தாலிக்கும் குடியுரிமைக்கும் சம்பந்தம் இல்லை. ஆதார் அதற்குச் சான்றும் இல்லை. விசா இல்லாமல் படகில் வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் — நாலு வயதுக் குழந்தையாக இருந்தாலும். 2004 டிசம்பரில் சட்டம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியர் என்பது மட்டும் போதாது. அம்மா அந்த வகையில் வரக்கூடாது.

"அப்ப எங்க பையனுக்கு மட்டும் எப்படிங்க பாஸ்போர்ட் குடுத்தாங்க?"

"பையன் எப்பப் பிறந்தார்?"

"ரெண்டாயிரத்து ரெண்டு."

"பொண்ணு?"

"அஞ்சு. பிப்ரவரி."

வக்கீலம்மா இரண்டு தேதியையும் ஒரு தாளில் எழுதி, நடுவில் கோடு போட்டார். சேகருக்கு மெதுவாகப் புரிந்தது. சட்டம் மாறி இரண்டு மாதம், சில நாள். அதே அப்பா, அதே அம்மா. அண்ணன் இந்தியன். தங்கை...?

அண்ணன் கார்த்திக் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். அவன் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை. அன்றைக்கு அதை பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்தானாம், தங்கை கண்ணில் படக்கூடாது என்று.

கிளம்பும்போது சேகர் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு சந்தேகங்க. மேல்பட்டாம்பாக்கத்துல பொண்டாட்டி பேர்ல ஒரு மனை வாங்கி வச்சிகீறேன். அதுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இலங்கைக் குடிமக்கள் இங்கே நிலம் வாங்க முன்அனுமதி வேண்டுமாம். பத்திரப்பதிவில் யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இனி விற்கப் போனாலும் கேள்வி வரும், வைத்திருந்தாலும் வரும். மனைவி பேரில் வாங்கினால் ராசி என்று வாங்கிய மனை!

ஹைகோர்ட்டில் வழக்குப் போடலாம், நாளாகும் என்றார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த கெடு இரண்டே மாதம். அந்த நேரம் பார்த்து ஓர் ஏஜென்ட் வந்து சேர்ந்தான். பெற்றோர் என்று சேகரின் அக்கா, அவள் புருஷன் பெயரைப் போட்டு மதுவுக்கு வேறு பிறப்புச் சான்றிதழ் வாங்கித் தருகிறானாம். வேலை சுலபமாம்.

அன்று அவர்கள் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது யோகராணிதான். கோபமே இல்லாமல் மன்னார்த் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன்.

"என்ட பேரை எடுத்துப்போட்டு அண்ணியிட பேரை எழுதுங்கோ. பிள்ளை போகட்டும்."

சேகர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"பேப்பரிலதானே? பெத்தது நான் எண்டு எனக்குத் தெரியும். அது காணும், அது போதும்."

மது ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். "அங்க வேலைல சேரும்போது, எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குப் போன் பண்றதுன்னு கேப்பாங்கம்மா. யாரு பேர எழுதறது?"

"அத்தைட பேரை எழுது."

"ராத்திரி டூட்டி முடிச்சி உனுக்குப் போன் பண்ணுவேன். பக்கத்துல இருக்கறவ யாருடின்னு கேட்டா?"

மது என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க ஆன்ட்டி."

நான் என்ன சொன்னேன்? வாரா வாரம் உங்களுக்கு எத்தனை புத்தி சொல்லியிருக்கிறேன்! அன்று ஒன்றும் வரவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன் — செய்துவிட்டால் என்ன என்றுதான் ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. மதுவுக்கு என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அதற்குமேல் என்னிடம் கேட்கவில்லை.

"நான் போவலம்மா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழக்குப் போட்டிருக்கிறார்கள். இதுவரை மூன்று வாய்தா. கெடு முடிந்ததும் ஆஸ்பத்திரி மரியாதையான ஒரு மெயில் அனுப்பிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டது. அந்தப் பெண்ணைத்தான் வழியனுப்பிவிட்டு வந்தோம். மது இப்போது பண்ருட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஷிப்ட் போகிறாள். ஜெர்மன் புத்தகங்களை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன்.

ஏர்போர்ட் போய் வந்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை, யோகராணியின் தம்பி மகளுக்கு முகாமில் நிச்சயதார்த்தப் பேச்சு. பையன் முகாமைச் சேர்ந்தவன் இல்லை, இந்த ஊர்க்காரன். வெல்டர். இரண்டு வருஷக் காதல். பூ, பழம், தட்டு எல்லாம் வந்தாயிற்று. யோகராணி எழுந்து, "தட்டு மாத்துறதுக்கு முன்னால ரெண்டு பேரும் என்னோட ஒரு இடத்துக்கு வாங்கோ" என்றிருக்கிறாள். மறுநாள் அவர்களை அழைத்துப்போன இடம் கோயில் இல்லை. கடலூர் வக்கீலம்மா ஆபீஸ்.

வக்கீலம்மா பையனுக்கு எல்லாவற்றையும் சொன்னார். பிறக்கப்போகும் பிள்ளை, பாஸ்போர்ட், வீடு, மனை... பையன் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டான். "வூட்ல பேசிட்டு ரெண்டு நாள்ல சொல்றேங்க" என்றான்.

இன்றோடு பத்து நாள். போன் வரவில்லை. பெண் சாப்பிடாமல் படுத்திருக்கிறாளாம்.

நேற்று யோகராணி வந்து என் சமையலறை வாசலில் நின்றாள். "நான் நல்லது செய்தனோ, கெடுதல் செய்தனோ... தெரியேல்லை அக்கா" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அவளிடம் படித்துக் காட்டுகிறேன்.